கூச்சல் முந்தி வந்த வாரம்

இறுதியாட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே அதன் கூச்சல் தோமையார்துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எதிரணி இன்னும் பஸ் ஏறவில்லை, கோப்பைக்குப் பாலிஷ் போடவில்லை, கமுகு மரத்தில் கேலரி கட்டுகிறவர்கள் அப்போதுதான் குழி தோண்டி முதல் வரிசைக் கால்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற கல்லூரி மைதானத்தில் ஊர் முழுக்க ஒன்றாக எழுந்து நின்று கத்துகிற சத்தம் கேட்டது. கேலரி கட்டிக்கொண்டிருந்தவன் தன் காதுக்குப் பக்கத்தில் யாரோ விசில் அடிப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. "தள்ளி நின்னு அடிலே" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கயிற்றை இறுக்கினான்.

பயிற்சியில் இருந்த பையன்கள் பந்தை விட்டுவிட்டு நின்றார்கள். பயிற்சியாளர் அருளப்பன் சார் விசில் ஊதிப் பார்த்தார். அவர் விசிலுக்கு மேல் இன்னொரு விசில், நடுவருடையது, ஆளில்லாமல் கேட்டது. அதன் பிறகு முழு ஆட்டமும் சத்தமாகவே நடந்து முடிந்தது. பெருமூச்சு வந்தது, கைதட்டல் வந்தது, இடைவேளையில் கடலை விற்கிறவன் குரல்கூட வந்தது. ஆறரை மணிக்குள் எல்லாம் அடங்கி, வழக்கம்போலக் கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

கடலோரக் கல்லூரிகளுக்கென்று நடக்கிற அந்தக் கோப்பையில் தோமையார் கல்லூரி இறுதியாட்டம் வரை வந்தது இதுதான் முதல் தடவை. அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டாதவர்களும் அதை "நம்ம காலேஜ்" என்றுதான் சொல்வார்கள். வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், மீன்கூடை சுமக்கிற பெண்கள், எல்லாருக்கும் அந்த அணியில் யாருக்கு எந்தக் காலில் வலி என்பது தெரியும். அதனால் கூச்சல் ஏன் முந்தி வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்த ஆட்டம், அதற்கும் பொறுமை இல்லாமல் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் எத்தனை கோல் என்பதுதான்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் அதே நாலரை மணிக்குக் கூச்சல் வந்தது; பாய், குடை, முறுக்குப் பொட்டலத்தோடு ஊரே மைதானத்துக்கு வந்தது. அவரவர் ஆட்டத்தன்று எங்கே உட்காருவார்களோ அங்கே போய் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு தங்கள் குரலைத் தேடினார்கள். கிடைத்தவர்கள் பூரித்துப் போனார்கள். "கேட்டியா, அது நான்தான், ரெஃபரிக்குக் கண்ணில்லியாண்ணு கேக்கது நான்தான்" என்று ஒருவர் பக்கத்து ஆளின் தொடையில் அறைந்து காட்டினார். கல்லூரிப் பெண்கள் முன்வரிசை ஆட்டக்காரன் ஜெபினின் பெயரைச் சொல்லிக் கத்துவதை ஜெபினே கேட்டுவிட்டான். மறுநாளிலிருந்து தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டுதான் பயிற்சிக்கு வந்தான்.

உபதேசியார் வென்சிலாஸுக்குத்தான் சங்கடமாகிவிட்டது. கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிற அவருடைய குரல், இரண்டாம் பாதியில், நடுவரின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது ஊருக்கே கேட்டது. அவர் நேராக ஓடிப்போய்ப் பங்குச் சாமியார் முன்னால் முழங்காலில் நின்றார்.

"இன்னும் செய்யாத பாவத்துக்கு நான் எப்படி மன்னிப்புக் குடுக்க?" என்றார் சாமியார். "ஆட்டம் முடிஞ்சு வாரும்."

"முடிஞ்ச உடனே நான் செத்துப் போனா சாமி?"

"அப்பம் அந்த வார்த்தையச் சொல்லாதயும்."

"நான் சொல்லுகதத்தான் நானே கேட்டுட்டேனே!"

சாமியார் தாடியைத் தடவிவிட்டு, இதற்குக் குருமடத்தில் பாடம் எதுவும் இல்லை என்று சொல்லி, அவருக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஆட்டத்தின் உருவம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. முதல் பாதியில் ஒரு பெரிய ஆரவாரம், அது நம்முடைய கோல். இடைவேளை முடிந்து சற்று நேரத்தில் திடீரென்று ஒரு அமைதி, அலை திரும்புவதுகூடக் காதில் விழுகிற அமைதி, அது அவர்களுடைய கோல். எதிரணி மலையாளக் கரையிலிருந்து வருகிறது, கூடக் கத்துவதற்கு ஆள் இல்லை. கடைசிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆரவாரம். அதற்குப் பிறகு முடிவு விசில், விசிலோடு ஒரு பெரும் அமளி. அந்த அமளிதான் சிக்கல், டீக்கடை அதை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தோமையார்துறையில் கோப்பை ஜெயித்தாலும் அந்தச் சத்தம்தான், கைகலப்பு வந்தாலும் அந்தச் சத்தம்தான். "அது அடிதடி, நமக்கு ஏதோ அநியாயம் நடந்திருக்கு" என்று அருளப்பன் சார் பையன்களிடம் அடித்துச் சொன்னார். இல்லாவிட்டால் அவர்கள் பயிற்சியையே விட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

மெற்றில்டா புதன்கிழமைதான் போனாள். அவளுக்குப் பந்தாட்டத்தில் பெரிய ஆசை எதுவும் இல்லை. அவள் புருஷன் கிளீற்றஸுக்கு வேறு ஆசையே இல்லை. கொச்சியிலிருந்து வெளியூர் ஆட்களோடு ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் அவன் வேலை பார்த்தான். போனால் ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேல், போனும் கிடைக்காது. "ஃபைனலுக்கு நான் இஞ்ச நிப்பேன், கடல் வத்தினாலும் சரி, பொங்கினாலும் சரி" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். கடலோரத்தில் அவன் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. பந்து போஸ்டுக்குள் போவதற்கு முன்பே "கோ..." என்று ஆரம்பித்துவிடுவான், போகாவிட்டாலும் நிறுத்த மாட்டான். ஒரு தடவை எதிரணி கோல்கீப்பர் அவன் சத்தத்தில் மிரண்டு கையிலிருந்த பந்தைத் தானே உள்ளே போட்டுக்கொண்டதை இன்றைக்கும் சொல்வார்கள். கோயிலில் பாடினாலும் மற்ற எல்லாருக்கும் முன்னால் ஒரு அடி போய்க்கொண்டிருப்பான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பெரிய வெட்கம். பிள்ளையில்லாத அந்த வீட்டில், அவன் கடலுக்குப் போய்விட்டால் பிறகு சுவர்க்கடிகாரச் சத்தம்தான் மிச்சம்.

அவன் எப்போதும் நிற்கிற கார்னர் கொடிக்குப் பக்கத்தில் போய் அவள் நின்றாள். கூச்சல் ஆரம்பித்தது. அவனுக்கு வலப்பக்கம் நிற்கிற ஐஸ் பிளான்ட் மரியநாயகத்தின் குரல் கேட்டது. இடப்பக்கம் நிற்கிற இரட்டையர்களின் விசில் கேட்டது. அவன் பின்னால் நின்று, "ஓய் கிளீற்றஸே, மறைக்காதயும்" என்று எப்போதும் சண்டை போடுகிற குள்ளன் ராயப்பனின் குரலும் கேட்டது. ஆனால் ராயப்பன் யாரையும் மறைக்காதே என்று சொல்லவில்லை. முதல் கோல் விழுந்தபோது மைதானமே அதிர்ந்தது. அந்த அதிர்வுக்குள் அவள் தன் புருஷனின் குரலைத் தேடினாள், கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையைத் தேடுகிறவள்போலத் தேடினாள். இல்லை. இரண்டாவது கோலிலும் இல்லை. முடிவு அமளியிலும் இல்லை.

 மறுநாளும் போனாள், வேறு மூலைகளில் நின்று கேட்டாள், ஒருவேளை இடம் மாறி நின்றிருப்பானோ என்று கேலரிக்கு அடியில்கூடக் குனிந்து நின்று கேட்டாள். அவள் நிற்கிற பக்கத்தில் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்கு முன்பே ஊர் கவனித்துவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்படிப்பட்ட ஒரு குரல் இல்லாமல் போனால் யாருக்குத்தான் தெரியாது?

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு பிரிஜித்தா மைனி ஒரு தூக்குவாளியில் மீன்கறி கொண்டுவந்து வைத்தாள். "கொஞ்சம் கூடுதலா வச்சிட்டேன்" என்றாள், முகத்தைப் பார்க்காமல். சற்று நேரத்தில் மரியநாயகத்தின் பெண்டாட்டி சோறு கொண்டுவந்தாள். அப்புறம் கப்பைக்கிழங்கு வந்தது, அவியல் வந்தது. எந்த வீட்டில் அடுப்பு எரியாதோ அந்த வீட்டுக்குத்தான் இந்த ஊரில் இப்படிப் பாத்திரங்கள் வரும் என்பது மெற்றில்டாவுக்குத் தெரியாதா? அவளே எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்!  எல்லாப் பாத்திரத்தையும் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றாள்.

"எனக்க மாப்பிள சாவல்ல! கேட்டியளா? எனக்க வீட்டு அடுப்பு எரியுது. அவரவருக்க சட்டிய அவரவரு எடுத்துட்டுப் போங்க!"

பெண்கள் வந்து தலை குனிந்தபடி எடுத்துக்கொண்டு போனார்கள். பிரிஜித்தா மட்டும் வாளியை எடுத்த பிறகும் போகாமல், அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். மெற்றில்டா அன்றைக்கு முழுக்க அடுப்பை அணைக்கவில்லை. சமைக்க ஒன்றும் இல்லாதபோதும் வெந்நீர் வைத்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முந்தின நாள், மத்தியானப் பஸ் வந்து நின்றதும் அதற்குள்ளிருந்து ஒரு குரல், "லேய், ஃபைனல் நாளைக்குத்தான, இல்ல நான் பிந்திட்டேனா?" என்று ஊரையே கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்கள். கிளீற்றஸ் கறுத்து, மெலிந்து, தோளில் பையோடு சிரித்துக்கொண்டு இறங்கினான். குள்ளன் ராயப்பன் ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவன் மார்பில் முகத்தை வைத்து அழுதான். மெற்றில்டா வாசலில் அவனைப் பார்த்ததும் தொட்டாள், கையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், அப்புறம் ஏன் பிந்தி வந்தீங்க என்று முதுகில் நாலு சாத்து சாத்தினாள். ஊருக்கு மூச்சு வந்தது.

ஆனால் நாலரை மணிக்கு அவனும் மைதானத்துக்குப் போகாமல் விடுவானா? போனான், கார்னர் கொடியருகே நின்றான், நாளைய கூச்சலைக் கடைசி வரை கேட்டான். திரும்பி வரும்போது அவன் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசாமல் வீட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாருக்க சத்தமும் கேக்குது பிள்ளே. எனக்க சத்தம் மட்டும் இல்ல."

"நீங்க சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க."

"எனக்க சத்தம் எனக்குத் தெரியாதா?"

கடல் அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தின் கணக்கில் அவன் இல்லை. கடலில் இல்லையென்றால், இனி ஆபத்து எங்கே இருக்கிறது? கூரையிலா, தெருவிலா, அவன் நெஞ்சிலா? மெற்றில்டா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்க போவண்டாம். வீட்டுல இருங்க."

"வீட்டுல உயிரோட இருந்தா நான் கத்த மாட்டேனா? இஞ்ச இருந்து கத்துனா அங்க கேக்காதா?" என்றான். அது நியாயம்தான். அந்த வீட்டிலிருந்து அவன் தும்மினால் மைதானத்தில் கேட்கும்.

"அப்பம் கத்தாதீங்க. வாய மூடிட்டு இருக்க மனுசனுக்கும் சத்தம் கெடையாது. செத்தவனுக்கு மட்டும்தான் கெடையாதுண்ணு ஆரு சொன்னா?"

கிளீற்றஸ் யோசித்தான். "ஃபைனலுக்குக் கத்தாம இருக்கதா? அது என்னால ஆவாது பிள்ளே. சும்மா ஒனக்கு சத்தியம் பண்ணித் தரப்பிடாது."

"ஒங்களால ஆவாது. எனக்க கைக்கு ஆவும்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே மைதானத்தில் இருந்தது. கமுகு மரக் கேலரி நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் கோயில் மதிலில் ஏறி உட்கார்ந்தார்கள். மெற்றில்டா பெட்டியிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கார்னர் கொடிக்குப் பக்கத்தில் கிளீற்றஸை ஒரு மூங்கில் முக்காலியில் உட்கார வைத்தாள், அவன் பின்னால் நின்றுகொண்டாள், நடுவர் முதல் விசில் ஊதியதும் வலது உள்ளங்கையால் அவன் வாயை இறுக்கிப் பொத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. இரட்டையர்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்கள். ராயப்பனுக்கு எதுவும் மறைக்கவில்லை, ஆனால் அவன் ஆட்டத்தைவிட அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் ஒரு மாதிரியாகத்தான் ஆரம்பித்தது. முன்வரிசை ஜெபின் ஆரம்பத்திலேயே கோல்கீப்பரைத் தாண்டிவிட்டான், முன்னால் வெறும் போஸ்ட், அவன் உதைக்காமல் நின்றான். "அடிலே!" என்று அருளப்பன் சார் தொண்டை கிழியக் கத்தினார். "இன்னும் நேரம் ஆவல்ல சார்" என்றான் ஜெபின் திரும்பி. எதிரணிப் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இது என்ன மாதிரி ஊர் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆரவாரத்துக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது, அதற்கு முன்னால் அடித்தால் எப்படி உள்ளே போகும்?

அந்த நேரம் வந்தது. ஜெபின் இடது காலால் அடித்தான், பந்து வலையைத் தூக்கிக்கொண்டு போனது, ஒரு வாரமாகக் கேட்ட அதே ஆரவாரம் இப்போது வாய்களிலிருந்து வந்தது. கிளீற்றஸின் உடம்பு முழுக்க எழுந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, வெளியே போக வழியில்லாத சத்தம் மெற்றில்டாவின் கை வழியாக ஏறித் தோள் வரை அதிர்ந்தது. அவன் அவள் உள்ளங்கையைக் கடித்தான். அவள் விடவில்லை, இன்னொரு கையையும் மேலே வைத்து அழுத்தினாள்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணியின் கோல் விழுந்தபோது மைதானம் அமைதியானது. அந்த அமைதியில் எல்லாரும் திரும்பிக் கார்னர் கொடிப் பக்கம் பார்த்தார்கள். மூக்கு வழியாக அவன் மூச்சு விடுவது எல்லாருக்கும் கேட்டது. இருக்கிறான் என்று ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டு மறுபடி ஆட்டத்தைப் பார்த்தார்கள். உபதேசியார் வென்சிலாஸ் வேண்டாம் வேண்டாம் என்று தன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஃப்சைட் இல்லாததை ஆஃப்சைட் என்று நடுவர் சொன்னதும் துண்டைத் துப்பிவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். இரண்டாவது கோலை அடித்தவன் யாரென்று மெற்றில்டா பார்க்கவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் புருஷனின் உச்சந்தலையில் கடல் உப்பு வெளுத்துக் கிடந்த முடியைத்தான்.

முடிவு விசில் ஊதியது. கோப்பையும் கிடைத்தது, கைகலப்பும் வந்தது. ஆக, டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிய இரண்டு பக்கமும் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அதன் பிறகு எத்தனையோ வருஷம் தோமையார்துறையில் ஒரு வாதம் ஓய்ந்ததில்லை: அவள் பொத்தியதால் அவன் குரல் கேட்காமல் போனதா, கேட்காமல் போகும் என்பதால் அவள் பொத்தினாளா, பொத்தாமல் விட்டிருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான்? உபதேசியார் ஒரு பக்கம், சாமியார் ஒரு பக்கம். மெற்றில்டா அந்த வாதத்தில் ஒரு நாளும் கலந்துகொண்டதில்லை. அவளுக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அமளி அடங்கி, பையன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் கோயிலுக்குப் போன பிறகும், அவள் கையை எடுக்கவில்லை. கேட்டிருந்த சத்தம் அதோடு முடிந்திருந்தது. இனி வரப்போகிற எதையும் யாரும் முன்கூட்டிக் கேட்டதில்லை. வெறும் கேலரி, மிதிபட்ட கடலைத் தோல், கடலுக்குள் இறங்குகிற வெயில். அவள் கை மரத்துப்போயிருந்தது, ஆனாலும் எடுக்க மனசு வரவில்லை. கிளீற்றஸ் தானே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"இனிக் கத்தலாமா?" என்று கேட்டான். அவ்வளவு மெல்லிய குரலில் அவன் பேசி அவள் கேட்டதே இல்லை.

"கத்துங்க" என்றாள்.

அவன் எழுந்து வெறும் மைதானத்தைப் பார்த்து நின்று, முதல் விசிலிலிருந்து ஆரம்பித்தான். ஜெபின் அடிக்காமல் நின்றதற்கு ஒரு திட்டு, முதல் கோலுக்கு அந்த நீண்ட "கோ...ல்", நடுவருக்கு உபதேசியார் சொன்னதைவிட மோசமாக ஒன்று, எதிரணி அடித்த கோலுக்குக்கூட "நல்ல அடிடே" என்று ஒரு பாராட்டு, விழுங்கி வைத்திருந்த அத்தனையையும் வரிசை தவறாமல் கத்தினான். ஊர் எல்லையில் எதிரணியின் பஸ் என்னவோ ஏதோ என்று நின்றது. கோயிலுக்குள் பாட்டு நின்றது. சமையலை விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள், ஆனால் யாரும் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இரண்டாவது கோலுக்கு வரும்போது தொண்டை கட்டிவிட்டது. இருமினான், எச்சிலை விழுங்கிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"போதுமா பிள்ளே?"

மூங்கில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மெற்றில்டா, பல் பதிந்த உள்ளங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"போதாது" என்றாள்.